எட்டு ஜனாதிபதியும் மூணு தலாக்கும்

ரெண்டுதான், காஜியாரே. பதிவேட்டுல மூணுன்னு இருக்கும், எனக்குத் தெரியும். கண்ணாடியைத் தொடச்சுட்டு இன்னொருக்கா பாத்தாலும் மூணுன்னுதான் இருக்கும். ஆனா நடந்தது ரெண்டு. நடுவுல இருக்கு பாருங்க, ரெண்டாயிரத்துப் பன்னெண்டு, அந்த ஒண்ணை மட்டும் அடிச்சுட்டீங்கன்னா நான் எழுந்து போயிட்டே இருப்பேன்.

விளையாடலீங்க. விளையாடுற வயசா எனக்கு? ஸகியா, அறுபத்தொண்ணு முடிஞ்சுருச்சு. மனு குடுத்தது நான்தான். இத்ரீஸைத் திரும்ப நிக்காஹ் பண்ணிக்க அனுமதி வேணும்னு. எழுதித் தந்தது உங்க எழுத்தர் ஷாஹிதாதான். அந்தா, பீரோ பின்னாடி நின்னு சிரிக்குறா பாருங்க. சிரிடீ. உனக்கும் ஒரு நாள் வரும்.

சட்டம் தெரியாம வரல. ஒரு ஆம்பளை ஒரே பொண்டாட்டியை ரெண்டு தடவை விடலாம், திரும்பவும் சேத்துக்கலாம். மூணாவது தடவை விட்டா அத்தோட முடிஞ்சுது. அப்புறம் நான் வேற ஒருத்தரைக் கட்டி, நெசமாவே குடும்பம் நடத்தி, அந்த மனுஷன் மௌத்தாகியோ என்னை விட்டுட்டோ போனாத்தான் இவரைத் திரும்ப நினைச்சுப் பாக்கலாம். இந்த வயசுல புது மாப்பிள்ளைக்கு நான் எங்க போறது? இந்தத் தீவுல தனியா இருக்குற ஆம்பளை ரெண்டே பேரு. ஒருத்தரு மாசிக் கருவாடு காயவெக்குற யூனுஸு. அவரு நடந்தா பின்னாலயே ஏழு பூனை வரும். இன்னொருத்தரு நீங்க. உங்களுக்கு முப்பது வயசு இருக்குமா? கோவிச்சுக்காதீங்க, சும்மா சொன்னேன். தண்ணி குடிங்க.

அவசரமா? எனக்கென்ன அவசரம்? சாவகாசமா எழுதுங்க. இன்னைக்கே எழுதினாப் போதும்.

அவரு ஏன் வரலையா? வருவாரு, வருவாரு. கொஞ்சம் கால் வலி. முதல்ல நம்ம எண்ணிக்கையைப் பாப்போம்.

உங்களுக்கு முதல்ல இருந்து சொல்லணும். எங்க கல்யாணக் கதையைச் சொல்லணும்னா இந்த நாட்டு ஜனாதிபதிங்க கதையையும் சொல்லியாகணும். ரெண்டும் தூண்டில் நரம்பு மாதிரி சிக்கிக் கெடக்கு. நீங்க தலைநகரத்துல படிச்சவரு, தேதியெல்லாம் உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். ஆனா ஒண்ணு யோசிச்சுப் பாத்தீங்களா? இந்த நாடே என்ன பண்ணுச்சு? அம்பத்துமூணுல சுல்தான் வேணாம்னு ஜனாதிபதியைக் கொண்டு வந்துச்சு. புகையிலையை நிறுத்துனாருன்னு ஒரு கோவம், அரிசி இல்லைன்னு ஒரு கோவம். வருஷம் திரும்பல, அவரும் வேணாம்னு மறுபடி சுல்தானைக் கூட்டிட்டு வந்துச்சு. பதினஞ்சு வருஷம் கழிச்சு, இல்ல இல்ல, ஜனாதிபதிதான் நல்லா இருந்துச்சுன்னு திரும்பச் சேத்துக்கிச்சு. நாடு பண்ணினா வரலாறு. ஸகியாவும் இத்ரீஸும் பண்ணினா ஊர் சிரிக்குது.

சரி, விஷயத்துக்கு வர்றேன்.

எங்களுக்கு எம்பத்தஞ்சுல நிக்காஹ். எனக்கு இருபத்திரெண்டு. அவரு சூரை பிடிக்குற தோணியில வேலை. தோணி முனையில நின்னு அவரு தூண்டில் வீசுறதைப் பாக்கணும், ஒரு மீனு தரையில விழறதுக்குள்ள அடுத்த மீனு வானத்துல இருக்கும். அதைப் பாத்துத்தான் ஏமாந்தேன். அப்ப மூணாவது ஜனாதிபதி. முப்பது வருஷம் இருந்தாரே, அவரு. ஓட்டுச் சீட்டுல ஒரே ஒரு பேருதான் இருக்கும். வேணுமா வேணாமான்னு கேப்பாங்க. நாங்க ரெண்டு பேரும் போயி வேணும்னு போட்டுட்டு, வர்ற வழியில தேத்தண்ணி குடிச்சுட்டு வருவோம். இருபத்திமூணு வருஷம், காஜியாரே, எங்களுக்குள்ள ஒரு சண்டை கெடையாது. இருந்துச்சுன்னா மீன் சாறுல உப்பு கம்மின்னு இருக்கும். சண்டை போட ரெண்டாவதா ஒரு பேரு வேணும்ல? அதான் சீட்டுலயே இல்லையே.

அப்புறம்தான் கட்சிங்க வந்துச்சு. அவரு மஞ்சள். நான் நீலம்.

ஏன் நீலமா? அது அந்த முப்பது வருஷத்துக்காரரு கட்சி, அவரு குரல் எனக்குப் புடிக்கும். ரேடியோவுல பேசினாருன்னா தூக்கம் வரும். ஒரு தலைவரு பேச்சைக் கேட்டுட்டு நிம்மதியாத் தூங்க முடியுதுன்னா அது சாதாரண விஷயமா? இவரு என்னடான்னா மஞ்சக் கட்சிக்காரரு பேச்சைக் கேட்டுட்டு விடிய விடிய முழிச்சுக் கெடப்பாரு. அப்பவே நான் உஷாராயிருக்கணும்.

ரெண்டாயிரத்தி எட்டு, அக்டோபர். முதல் தடவையா சீட்டுல நிறைய பேரு. ரெண்டாவது சுத்துல மஞ்சள் ஜெயிச்சுது. மறுநாள் காலையில கண்ணு முழிச்சுப் பாத்தா, எங்க மழைத் தண்ணித் தொட்டி மஞ்சளா நிக்குது. யாரு பணம், யாரு வாங்கின தொட்டின்னெல்லாம் பேசல. நேரா போயி தோணிக்கு அடிக்குற நீலப் பெயிண்டை எடுத்துட்டு வந்து பாதிக்கு அடிச்சேன். ரெண்டும் சேர்ந்த எடத்துல பச்சையா வழியுது. அவரு வந்து பாத்தாரு. பெரிய முரசு அடிக்குற கூட்டமே பின்னால நிக்குது. அத்தனை பேரு முன்னாடி சொல்லிட்டாரு. தலாக். ஒண்ணு.

அது ஒண்ணு. ஒத்துக்குறேன். எழுதிக்கோங்க.

ஒம்போது மாசம் பிரிஞ்சு இருந்தோம். அப்புறம் மகளுக்கு நிக்காஹ் வந்துச்சு. அப்பன்ங்கிற முறையில அவரு வந்து உக்காந்தாரு. பழைய காஜியாரு, மௌத்தாயிட்டாரு பாவம், அவரு எங்களைப் பாத்து, இவ்வளவு பாக்கு, இவ்வளவு பலகாரம் இருக்கு, நீங்களும் உக்காந்துடுங்களேன்னாரு. உக்காந்துட்டோம். மகளுக்கு நடந்த அதே பாயில எங்களுக்கும் நடந்துச்சு. மக மூணு நாள் எங்ககிட்ட பேசல.

இப்ப வருது பாருங்க, நீங்க அடிக்க வேண்டிய ரெண்டாவது.

ரெண்டாயிரத்துப் பன்னெண்டு, பிப்ரவரி ஏழு, செவ்வாக்கெழமை, மத்தியானம். கடற்கரைப் பந்தல்ல மனிக்குன்னு ஒருத்தரு தேத்தண்ணிக் கடை போட்டு, அதுல ஒரு டிவி வெச்சிருந்தாரு. தலைநகரத்துல போலீஸும் பட்டாளமும் தெருவுல நிக்குதுன்னு காலையில இருந்து ஊரே அங்கதான். ஜனாதிபதி டிவியில வந்தாரு. பதவி விலகுறேன்னாரு. அவ்வளவுதான். அப்புறம் பாதிப் பேரு அழுதாங்க, பாதிப் பேரு ஆடினாங்க. ஆடினதுல நான் முதல் ஆளு. மறைச்சு என்ன பண்ண? படகுத்துறை வரைக்கும் ஆடிக்கிட்டே போயி ஆடிக்கிட்டே திரும்பி வந்தேன். வந்து, இவரு கயித்து நாற்காலியில தலையைக் கவுந்துக்கிட்டு உக்காந்திருக்காரா, நேரா முன்னாடி போயி நின்னு, பாத்தியா, உன் ஆளு தானாவே ஓடிட்டான்னேன்.

சொல்லியிருக்கக் கூடாது. இப்ப தெரியுது.

மனுஷன் எழுந்து நின்னாரு. மூஞ்சி செவந்துபோச்சு. அவரு தானா விலகல, துப்பாக்கியைக் காட்டி விலக வெச்சிருக்கானுங்க. அவரு மனசார, தானா விலகியிருந்தா, இவ எனக்குத் தலாக்! இதான் அவரு சொன்ன வார்த்தை. ஒரு எழுத்து கூட்டல, குறைக்கல. கடைக்காரரு மனிக்கு ஒரு சாட்சி, அவரு மஞ்சள். யூனுஸு சாட்சி, அவரு நீலம். ஆமா, பூனைக்காரருதான். ரெண்டு பேரையும் தனித்தனியாக் கூப்புட்டுக் கேளுங்க, இதே வார்த்தையைத்தான் சொல்லுவாங்க. பன்னெண்டு வருஷமா இந்தத் தீவுல மஞ்சளும் நீலமும் ஒத்துப்போன ஒரே வாக்கியம் அதுதான்.

இப்ப பாருங்க, சிக்கல் எங்க இருக்குன்னு. 'விலகியிருந்தா'ன்னு ஒரு நிபந்தனை போட்டுட்டாரு. தானா விலகியிருந்தா நான் தலாக் ஆனவ. தானா விலகலைன்னா நான் பொண்டாட்டி. ஆக, நான் யாருன்னு தெரியணும்னா ஜனாதிபதிக்கு என்ன நடந்துச்சுன்னு தெரியணும்!

சிரிங்க, பரவால்ல. உங்களுக்கு முன்னாடி இருந்தவரும் சிரிச்சாரு.

அப்புறம் நடந்த கூத்தைக் கேளுங்க. அவரு கட்சிப்படி நான் அவரு பொண்டாட்டி. என் கட்சிப்படி நான் அந்நியப் பொம்பளை. என் கொள்கையை நான் விட முடியுமா? அன்னைக்கே பாயைச் சுருட்டிக்கிட்டு எங்க அக்கா வீட்டுக்குப் போயிட்டேன். நான் பிரிஞ்சு போனாத்தானே அந்த ஆளு தானா விலகினாருன்னு ஆகும்? இவரு மத்தியானம் ஆனா அக்கா வீட்டு வேலிக்கு வெளிய நின்னு, ஏ பொண்டாட்டி, சோறு போடுன்னு கத்துவாரு. நான் உள்ள இருந்து, யாரது, பர புருஷன் கொரல் மாதிரி இருக்குன்னு கேப்பேன். ஊர்ப் பிள்ளைங்க பள்ளிக்கூடம் விட்டா வேடிக்கை பாக்க வந்துடும்.

பதிவேட்டுல எப்படி ஏறுச்சுன்னா கேக்குறீங்க? அது... அவரு வந்து பதியல. நான்தான் வந்தேன். ஆமா, நான்தான். பழைய காஜியார்கிட்ட வந்து, தலாக் ஆயிடுச்சு, எழுதுங்கன்னேன். அவரும் நீலம். நிபந்தனை, கிபந்தனை ஒண்ணும் எழுதல. ஒரே வரி. இத்ரீஸ் ஸகியாவை விலக்கினார். முடிஞ்சுது. நான் அந்தக் காகிதத்தைக் கொடி மாதிரி தூக்கிக்கிட்டு ஊரைச் சுத்தி வந்தேன். பாத்தீங்களா, தானாத்தான் விலகினாரு, கோர்ட்டே சொல்லிருச்சு! என் கல்யாணம் முறிஞ்சதுக்கு நானே ஊர்வலம் போனேன், காஜியாரே. இப்படி ஒரு கிறுக்கச்சியை நீங்க பாத்திருக்க மாட்டீங்க.

ஏப்ரல்ல எனக்குக் காய்ச்சல். எலும்பெல்லாம் முறிக்குற காய்ச்சல். மூணு நாள் கண்ணு தொறக்கல. இத்தா, அதான் அந்த மூணு மாசக் கெடு, முடிய இன்னும் நாள் இருந்துச்சு; அதுக்குள்ளன்னா புது நிக்காஹ் இல்லாம வாயால சொல்லியே சேத்துக்கலாம். அவரு நேரா காஜியார்கிட்ட வந்துட்டாரு. திருப்பிச் சேத்துக்குறேன்னு சொல்லுன்னாரு காஜியாரு. நான் விடவே இல்லையே, எதைத் திருப்பிச் சேத்துக்குறதுன்னாரு இவரு. ரெண்டு பேருக்கும் வாக்குவாதம். கடைசியில, அவ தலாக் ஆயிட்டதா நினைக்குறா, அவ நினைப்புல இருந்து அவளைத் திருப்பி எடுத்துக்குறேன், போதுமான்னு கேட்டாராம். காஜியாரு அதையும் ஒரே வரியில, சேர்த்துக்கொண்டார்னு எழுதிட்டாரு. ஆக, தலாக்கும் ஏறிருச்சு, சேத்துக்கிட்டதும் ஏறிருச்சு. எண்ணிக்கையில ரெண்டு.

கமிஷனா? இருங்க, நீங்க அதைக் கேப்பீங்கன்னு தெரியும். ஆமா, அந்த வருஷம் ஆகஸ்டுல விசாரணைக் கமிஷன் சொல்லுச்சு, சட்டப்படிதான் பதவி மாறுச்சுன்னு. அந்தச் செய்தியை மீன் வெட்டுற எடத்துல நின்னு சத்தமா வாசிச்சதே நான்தான். ஆனா கமிஷன் பாத்தது சட்டப்படியான்னு. இவரு சொன்னது மனசாராவான்னு. நான் இப்ப உங்க முன்னாடி உக்காந்திருக்குறதும் சட்டப்படிதான். மனசுல என்ன இருக்குன்னு உங்களால சொல்ல முடியுமா? அப்புறம், அந்தக் கமிஷன்காரங்க நாட்டைப் பாத்தாங்க. ஸகியா கல்யாணத்தையா பாத்தாங்க?

ஒரு தடவை பதிவானதை எப்படி இல்லைன்னு எழுதுறதா? என்ன காஜியாரே இப்படிக் கேக்குறீங்க! அடுத்த வருஷம் என்ன நடந்துச்சு? செப்டம்பர்ல ஓட்டுப் போட்டோம். வரிசையில நின்னு, மை வெச்சு, எண்ணி, முடிவும் சொல்லியாச்சு. அப்புறம் பெரிய கோர்ட்டு என்ன எழுதுச்சு? அந்த ஓட்டே செல்லாதுன்னு எழுதுச்சு. அக்டோபர்ல மறுபடி கெளம்பினோம், காலையில சட்டை மாத்திட்டுப் போனா, இன்னைக்கு ஓட்டு இல்லைன்னு போலீஸ் நிறுத்திருச்சு. நவம்பர்ல முதல்ல இருந்து ஒருக்கா, அப்புறம் இன்னொருக்கா. ஒரு நாடே போட்ட ஓட்டை இல்லைன்னு ஆக்க முடியுது, ஒரு கெழவன் கோவத்துல சொன்ன அரை வாக்கியத்தை ஆக்க முடியாதா? உங்க பெரியவங்க காட்டுன வழிதானே?

எழுதிக்கிறீங்களா? நல்லது. அதை மட்டும் என் பேருல எழுதாதீங்க.

மூணாவதா? அது ரெண்டாயிரத்துப் பதினெட்டு. அது சுத்தமான தலாக். அதுல நான் கை வெக்க மாட்டேன். அப்ப எங்க நீலம் ஒடைஞ்சு ரோசாக் கட்சி ஆயிருந்துச்சு, நானும் ரோசாவாயிட்டேன். அந்தத் தடவை மஞ்சள் ஜெயிச்சுது. திங்கக்கெழமை காலையில இவரு ஏணி போட்டு ஏறி என் ஈரப்பலா மரத்துல, எங்க அம்மா வெச்ச மரம், அதுல மஞ்சக் கொடி கட்டிட்டாரு. இறக்குன்னேன். முடியாதுன்னாரு. ரம்பத்தை எடுத்துட்டு வந்து கொடியோட கிளையை அறுத்தேன். அது நேரா போயி கீழ இருந்த ஒலிபெருக்கி மேல விழுந்துச்சு. கட்சியோடது. இரவல் வாங்கிட்டு வந்தது. அவரு கிளையைப் பாத்தாரு, என்னைப் பாத்தாரு. சத்தமே போடல. தலாக்னு ரொம்ப மெதுவாச் சொன்னாரு. நிபந்தனையெல்லாம் ஒண்ணும் இல்ல.

சொன்ன உடனே உக்காந்துட்டாரு, அந்த ஏணியோட கடைசிப் படியில. எண்ணிப் பாத்திருப்பாரு போல. நானும் எண்ணினேன்.

அப்பவே வந்து ரெண்டாவது செல்லாதுன்னு சொல்லியிருக்கலாம்லன்னு கேக்குறீங்க. கேளுங்க, நியாயம்தான். அவரு வந்து கேட்டாரு. இங்க இல்ல, என் வீட்டு வேலிகிட்ட வந்து. பன்னெண்டுல நடந்தது செல்லாதுன்னு ரெண்டு பேரும் போயிச் சொல்லுவோம், ஸகியா, அவரு தானா விலகலைன்னு நீ ஒரு வார்த்தை சொன்னாப் போதும்னாரு. நான் என்ன சொன்னேன் தெரியுமா? செத்தாலும் சொல்ல மாட்டேன்னேன். அவரு தானாத்தான் ஓடினாருன்னேன். சரின்னுட்டுப் போயிட்டாரு.

ஆறு வருஷம், காஜியாரே. ஒரு வார்த்தையை விட்டுக் குடுக்காம ஆறு வருஷம் தனியாத் தின்னு தனியாப் படுத்தேன். ஜெயிச்சது நான்தான். யாருகிட்ட போயி ஜெயிச்சேன்னு சொல்லிக்க?

போன எலெக்‌ஷன்ல, அதான் இந்த எட்டாவது ஜனாதிபதி வந்தாரே, ஓட்டு வரிசையில அவரு எனக்கு முன்னாடி நின்னாரு. மழை. கொடையைப் பின்னால நீட்டினாரு, திரும்பிக்கூடப் பாக்கல. யாருக்கு வேணா போடு, நனையாம போடுன்னாரு. நான் யாருக்குப் போட்டேன்னு கேக்காதீங்க, எனக்கே நெனப்பில்ல. கொடை எங்கிட்டதான் இருக்கு.

சரி, சரி. இப்ப எனக்கு என்ன வேணும்னு சொல்லிடறேன். உங்க பயம் எனக்குப் புரியுது. நீங்க இங்க வந்து ரெண்டு வாரம்தான் ஆச்சு. அந்த ஜனாதிபதி தானா விலகினாருன்னு எழுதினா மஞ்சக்காரன் உங்க வீட்டு முன்னாடி முரசு அடிப்பான். விலகலைன்னு எழுதினா மத்தவன் அடிப்பான். நாளைக்கே தலைநகரத்துப் பேப்பர்ல வந்துரும், பெரிய பெரிய ஆளுங்களால முடியாததைக் குட்டித் தீவு காஜியாரு தீர்த்து வெச்சுட்டாருன்னு. அப்புறம் உங்களை இதைவிடக் குட்டித் தீவுக்கு அனுப்பிருவாங்க. அங்க பூனைகூட இருக்காது.

நீங்க ரெண்டையும் எழுத வேணாம். நான் சொல்றதை எழுதுங்க. கல்யாணம் நடந்தது உறுதி. நிபந்தனை நெறவேறுச்சான்னா, அது சந்தேகம். சந்தேகத்தை வெச்சு ஒரு கல்யாணத்தை முறிக்க முடியாதுன்னு பள்ளிவாசல்ல பாடம் நடத்தும்போது நான் ஜன்னல்கிட்ட உக்காந்து கேட்டிருக்கேன். நீங்களும் படிச்சிருப்பீங்க. ஆமாவா? அப்படித்தானே? அப்ப நெறவேறுச்சுன்னு யாராவது உறுதியாச் சொன்னாத்தானே தலாக்கு? அன்னைக்கு உறுதியாச் சொன்னது யாரு? நான் ஒருத்திதான். வந்து எழுத வெச்சதும் நான்தான். இப்ப அந்த ஒருத்தி வந்து உக்காந்திருக்கேன்.

எழுதுங்க. ஸகியா சொல்றா. அன்னைக்குப் பதவி விலகின அந்த மனுஷன் மனசுல என்ன இருந்துச்சுன்னு எனக்குத் தெரியாது.

ஆமா. தெரியாதுன்னு எழுதிக்கோங்க. என் வாயால சொல்றேன்.

ஷாஹிதா, வாயை மூடு. ஈ போயிரப் போகுது. என் வாயில இருந்து அந்த வார்த்தை வந்து நீ கேட்டதில்லை, எனக்குத் தெரியும். எங்க அம்மாகூடக் கேட்டதில்லை.

பொய்யா? பொய் இல்லீங்க. சத்தியமாவே தெரியாது. ஆடும்போது தெரிஞ்ச மாதிரி இருந்துச்சு. படகுத்துறையில நின்னு ஆடினவளுக்கு, ஆயிரம் பேரு சூழ்ந்து நிக்க ஒரு அறைக்குள்ள ஒரு மனுஷன் என்ன நெனச்சான்னு எப்படித் தெரியும்? பக்கத்துல படுத்திருந்த மனுஷன் மனசே எனக்குத் தெரியல.

எழுதிட்டீங்களா? வாசிங்க. ம். ம். அந்த எடத்துல மனுதாரர்னு போட்டிருக்கீங்களே, ஸகியான்னே போடுங்க, ஊருக்குத் தெரியட்டும். சரியா இருக்கு. அப்ப ரெண்டு. அல்ஹம்துலில்லாஹ்.

மறுபடி அதையே கேக்குறீங்களே. ஆறு வருஷம் பொறுத்தவளுக்கு இன்னைக்கு என்ன அவசரம்னு. மாப்பிள்ளை நேர்ல வரணும்னு வேற. அவரு வர முடியாதுங்க. நீங்கதான் வந்து நிக்காஹ் பண்ணி வெக்கணும். பக்கம்தான், ஈரப்பலா மரம் இருக்குற வீடு. ஆமா, என் வீடுதான்.

நாப்பது நாளா அங்கதான் இருக்காரு.

படகுத்துறையில விழுந்துட்டாரு. வலது பக்கம் பூரா போச்சு. தூண்டில் வீசுற கை. ஆஸ்பத்திரியில பதினொரு நாள் வெச்சிருந்துட்டு, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்கன்னுட்டாங்க. எந்த வீட்டுக்கு? மக தலைநகரத்துல அஞ்சாவது மாடியில, ரெண்டு அறையில எட்டுப் பேரு. தோணி வந்து நின்னுச்சு, தூக்கி இறக்கினாங்க, எல்லாரும் என் மூஞ்சியைப் பாத்தாங்க. இந்தப் பக்கம்னு கையைக் காட்டினேன். தூக்கிட்டு வந்தவங்கள்ல நாலு பேரு மஞ்சள், ரெண்டு பேரு ரோசா. அன்னையில இருந்து தீவே வாயைத் தொறக்கல. நீங்க வந்தப்ப உங்ககிட்ட யாரும் சொல்லல பாருங்க. கட்சி பேதம் இல்லாம இந்த ஊரு காப்பாத்துன ரகசியம் அது ஒண்ணுதான்.

சட்டம் தெரியும்னு சொன்னேனே. தலாக் ஆன ஆம்பளையும் பொம்பளையும் ஒரே வீட்ல கதவை மூடிக்கிட்டு இருக்கக் கூடாது. நான் மூடல. நாப்பது நாளா என் வீட்டுக் கதவு தொறந்தேதான் இருக்கு. சோறு ஊட்டுறேன், தொறந்து இருக்கு. திருப்பிப் படுக்க வெக்குறேன், தொறந்து இருக்கு. பேச்சு கொழறுது, ஆனா புத்தி தெளிவா இருக்கு, அதான் கொடுமை. குளிக்க வெக்குறப்ப அந்தக் கதவையேதான் பாத்துக்கிட்டு இருக்காரு. தெருவுல ஆளு போகுது, வருது. இடது கையால துணியை இழுத்து இழுத்து மூடிக்கிறாரு. போறவங்க தலையைத் திருப்பிக்கிட்டுத்தான் போறாங்க, நல்லவங்க. இருந்தாலும் அவருக்குத் தெரியும்ல. தோணி முனையில நிமிந்து நின்ன மனுஷன். தொறந்து வெச்சா அவரு மானம் போகுது, மூடினா எனக்குச் சட்டம் வருது.

எனக்கு வேற ஒண்ணும் வேணாம், காஜியாரே. அஸர் தொழுகைக்கு முன்னாடி அவரைக் குளிக்க வெக்கணும். இன்னைக்காவது அந்தக் கதவைச் சாத்திட்டுக் குளிக்க வெக்கணும்.